மண் சித்தப்பாவுடையது, பலகை சித்தியுடையது

பார்படோஸில் வெளிநாட்டார் போதவில்லை என்று என் சித்தப்பா எல்ஸ்டன் கேட்வெல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டுபிடித்தார். அந்தக் குறையைத் தானே தீர்த்துவைப்பதென்று அங்கேயே முடிவும் எடுத்தார். முடிவெடுத்தபோது அவர் கையில் சீமைப்பலா வறுவல் இருந்தது. வறுத்தது சித்தி. உலகத்தைத் திருத்தப் புறப்படும் ஆண்கள் எல்லோர் கையிலும் யாரோ ஒருத்தி வறுத்த ஏதோ ஒன்று இருக்கும். கவனித்துப் பாருங்கள்.

மறுநாள் எங்கள் முன்தாழ்வாரத்தில் ஒரு பெயர்ப்பலகை தொங்கியது. 'கேட்வெல் குடியேற்ற ஆலோசனை. தீவில் குடியேற எல்லா வழிகளும் இங்கே.' அந்தத் தாழ்வாரத்தில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். எல்லா வழிகளும் அதற்குள் எப்படி நுழைந்தன என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறேன். பேருந்து வசதிக்காகச் சித்தி வீட்டில் தங்கியிருக்கிறேன். ஆகவே கேட்கவேண்டியது என் கடமை.

"சித்தப்பா, ஆலோசனை சொல்ல ஒரு தகுதி வேணாமா?"

"தகுதியா? ஆயுசுல பாதி ஏர்போர்ட்ல இருந்திருக்கேன்டி."

"பெட்டி தூக்கிட்டு."

"யார் பெட்டி? குடியேற வர்றவன் பெட்டி! கைல தூக்கினதும் சொல்லுவேன், இவன் ஒரு வாரத்துக்கு வந்தவனா, ஒரு வருஷத்துக்கு வந்தவனான்னு. உன் ப்ரொபசர் சொல்லுவாரா?"

பெட்டி தூக்குவதில் கேவலம் ஒன்றும் இல்லை. பெட்டி தூக்கியதால் குடியேற்றச் சட்டம் தோள்வழியாக மூளைக்கு ஏறிவிட்டது என்று நம்புவதுதான் கேவலம். சித்தப்பா தீவைவிட்டு ஒருமுறைகூட வெளியே போனதில்லை. கடவுச்சீட்டில் முத்திரை குத்தும் சத்தத்தைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டவர். அந்தச் சத்தமே அவருக்குப் பட்டம்.

முதலும் கடைசியுமான வாடிக்கையாளர் கனடாவிலிருந்து அகப்பட்டாள். பெயர் மிஸ் ஃபென்விக். தொலைபேசியில் சித்தப்பா அவளுக்கு ஆலோசனை வழங்கியதை நான் கேட்டேன். நான் ஒட்டுக்கேட்கவில்லை. எங்களுடையது பலகைச் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கைக்குட்டை எடுப்போம்.

"மேடம், உங்களுக்கு ஒரு வருஷ முத்திரைதான் சரி. வேலை கனடாவுல, கம்ப்யூட்டர் இங்க. சம்பளம் அங்கேர்ந்து வரும், வெயில் எங்ககிட்டேர்ந்து வரும். இங்க உள்ள வேலையை மட்டும் தொடக் கூடாது… வேற வழியா? பணக்காரங்களுக்குத் தனி அனுமதி ஒண்ணு இருக்கு. பக்கத்துத் தீவுக்காரங்களுக்குத் திறமைச் சான்று இருக்கு. இல்லாட்டி இங்க யாரையாவது கல்யாணம் பண்ணிக்கலாம். ஆனா அதுல கஷ்டம் ஜாஸ்தி மேடம், அனுபவத்துல சொல்றேன்… வீடா? வீடு ரெடி. என் சொந்த வீடு. நல்ல காத்தோட்டம்… உள்ள யாரும் இருக்காங்களான்னா, ஒரு பழைய வாடகைக்காரி இருக்கா. காலி பண்ணிடுவா. சாதுவான பொம்பளை."

அந்தப் பழைய வாடகைக்காரி, அதாவது அவரைத் தேவாலயத்தில் ஊரறியக் கட்டிக்கொண்ட என் சித்தி வெர்லீன், சமையல்கட்டில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். துருவும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி ஆரம்பித்தது, முன்பைவிட மெதுவாக.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அது சித்தி சம்பாதித்த வீடு. சனிக்கிழமைதோறும் அவள் கிழங்குப் புட்டிங்கும், எலுமிச்சையும் வெள்ளரியும் சேர்த்து ஊறவைத்த பன்றிக்கறியும் விற்பாள். சந்து முனைவரை வரிசை நிற்கும். அப்படிச் சேர்த்து, கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. வேறொரு ஊரிலிருந்து பலகை பலகையாகக் கழற்றி லாரியில் வந்தது. கல்யாணமானதும் சித்தப்பாவின் அப்பா விட்டுப்போன பாறைத் துண்டின்மேல் அதை நிறுத்தினார்கள். அஸ்திவாரம் கிடையாது. பவளப்பாறைக் கற்களை அடுக்கி மேலே உட்கார வைத்ததுதான்.

எங்கள் ஊரில் அப்படித்தான். கரும்புத் தோட்டக் காலத்தில் நிலமெல்லாம் முதலாளிக்கு. வேலை செய்கிறவனுக்குப் பலகை மட்டும். முதலாளி 'போ' என்றால் வீட்டைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். அந்த அவமானத்துக்காகவே கண்டுபிடித்த வீடு அது. இன்றைக்கு அதன் படத்தைத் தேநீர்க் கோப்பையில் போட்டு வெளிநாட்டாருக்கு விற்கிறார்கள். போகட்டும். நாலு செம்மறியாடு படுத்தால் நிறைந்துவிடும் ஒரு பாறைத் துண்டு கைக்கு வந்ததும், அதே முதலாளிகளின் குரல் என் சித்தப்பாவின் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டதே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் வழக்கம்போல டாமினோ ஆட்டம். எதிரில் சித்தப்பாவின் ஆயுட்கால ஜோடி கான்ராட். கரும்பு ஏற்றும் லாரி வைத்திருப்பவர். பேச்சு கொஞ்சம், சிரிப்பு நிறைய. சித்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"மிஸ்டர் கேட்வெல்," என்றாள்.

சாதாரணமாக அவள் அவரை எல்ஸ்டன் என்பாள், 'நீ' என்பாள். மிஸ்டரும் 'நீங்க'வும் வந்தால் சந்தில் கோழிகூடக் கூட்டுக்குள் போய்விடும். சித்தப்பா மட்டும் அதை மரியாதை என்று எடுத்துக்கொள்வார்.

"சொல்லு வெர்லீன்."

"யாரோ குடிவர்றாங்களாமே?"

"ஆமா. நானே சொல்லணும்னு இருந்தேன். ஒரு வருஷம்தான். நீ உங்க அக்கா வீட்டுல போய் இரு. அங்க காத்து நல்லாருக்கும்."

அந்த அக்கா என் அம்மா. எங்கள் வீட்டில் காற்றைத் தவிர வேறெதற்கும் இடமில்லை.

"நீங்க?"

"நான் பின்னாடி ஷெட்ல. ஆலோசகர் பக்கத்துல இருக்கணுமில்ல? தியாகம்தான். என்ன பண்றது."

"சனிக்கிழமை ஜனங்க வந்து நிப்பாங்களே?"

"ஒரு வருஷம் நாக்கை அடக்கட்டும்."

"என் வீட்டை விட்டு நான் போகணும்."

சித்தப்பா டாமினோ காயை மேசை அதிர அடித்தார். "வெர்லீன், சட்டம் பேசுவோம். மண்ணு யாருது?"

"உங்களுது."

"பலகை?"

"என்னுது."

"முடிஞ்சுது. மண்ணு சொல்றதைப் பலகை கேக்கணும். இஷ்டமில்லையா, உன் பலகையைத் தூக்கிக்கிட்டுப் போ. நான் குறுக்க நிக்க மாட்டேன். கான்ராட் சாட்சி!"

"சாட்சி," என்றார் கான்ராட், தன் காய்களைப் பார்த்தபடி.

நான் பொறுக்கமாட்டாமல் குறுக்கிட்டேன். "சித்தப்பா, யோசிச்சுப் பேசுங்க. இந்த மாதிரி வீடு அசையும் சொத்து. அதாவது…"

"நீ முதல்ல பரீட்சை பாஸ் பண்ணிட்டு வா."

ஆலோசனை இலவசமாகக் கிடைத்தால் இந்த ஆலோசகர்களுக்கு அருமை தெரிவதில்லை.

சித்தி எழுந்தாள். "நல்லது மிஸ்டர் கேட்வெல்." பிறகு, போகிற போக்கில், "கான்ராட், உங்க லாரி எப்படி ஓடுது?"

"எங்க ஓடுது? கரும்பு வெட்டு முடிஞ்சு சும்மா நிக்குது."

"உங்கம்மா வீடு இருந்த இடம்?"

"அதுவும் சும்மாதான் கிடக்குது. புயல் வீட்டைத் தூக்கிட்டுப் போச்சு, கக்கூஸை மட்டும் விட்டுட்டுப் போச்சு."

"பாவம்," என்றாள் சித்தி.

சித்தப்பா காதில் இது எதுவும் விழவில்லை. அவர் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாட்களில் சித்தி மூட்டை கட்டினாள். திரைகளைக் கழற்றினாள். தட்டுகளைத் துணியில் சுற்றினாள். சித்தப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பார்த்தியா? பொம்பளைங்ககிட்ட நியாயத்தை எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்கறாங்க. கத்தக் கூடாது."

"புரிஞ்சுக்கிட்டாங்கதான் சித்தப்பா," என்றேன்.

ஒருநாள் சித்தி அடக்கமாகச் சொன்னாள்: "மூலைல இருக்கற போல்ட்டெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு. வெளிநாட்டுக்காரம்மா பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"அதானே!" என்று சித்தப்பா எண்ணெய்க் கிண்ணத்தோடு கிளம்பினார். வீட்டைச் சுற்றி ஒவ்வொரு போல்ட்டாக எண்ணெய் விட்டு, கழற்றி, துடைத்து, மறுபடி லேசாக மாட்டினார். கதவுக் கீல்களையும் விடவில்லை. கீச்சென்ற சத்தம் ஆலோசனை நிலையத்துக்கு அழகல்லவாம். அவர் வேலையைக் கான்ராட் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லா விடு எல்ஸ்டன். அந்த மூலையில இன்னும் கொஞ்சம்," என்று உற்சாகப்படுத்தவும் செய்தார்.

மிஸ் ஃபென்விக் வருகிற நாளும் வந்தது. விமானம் பிற்பகலில்தான். ஆனால் சித்தப்பா காலையிலேயே கோட்டு மாட்டிக்கொண்டு புறப்பட்டார். பழைய சகாக்கள் முன்னால், பெட்டி தூக்காத கையை வீசி நடக்கவேண்டும் என்ற ஆசை. "வர்றதுக்குள்ள காலி பண்ணி வை," என்று சித்தியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாய்மொழி உத்தரவு.

அவர் சந்து திரும்பினார். லாரி உறுமியது. சந்திலிருந்த ஆண்களெல்லாம் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கு ஒரு வருஷம் நாக்கை அடக்கச் சொன்ன செய்தி பரவியிருந்தது. ஒரு ஊரைப் புரட்சிக்குத் தயார் செய்ய இதைவிட நல்ல துண்டறிக்கை கிடையாது. கூரைத் தகடு இறங்கியது. முகட்டுக் கட்டைகள் இறங்கின. சுவர்கள் முழுசு முழுசாகக் கழன்று வந்தன. போல்ட்டுகள் வெண்ணெயில் சொருகியவைபோல விரலிலேயே சுழன்றன.

"எவ்வளவு அருமையா எண்ணெய் போட்டிருக்கான் பாரு!" என்றார் கான்ராட் கண் கலங்க.

நான் முன்கதவைத் தூக்கினேன். வாதம் செய்வதில் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் என் வாழ்நாளில் நான் முன்வைத்த வாதங்களிலேயே மிக வலுவானது அந்தக் கதவுதான்.

வெகுதூரம் போகவில்லை. சாலையைத் தாண்டியதோடு சரி. கான்ராடின் அம்மா வீடு இருந்த இடத்தில் கற்கள் அடுக்கித் தயாராக இருந்தன. பின்னால் புயல் விட்டுவைத்த சிமெண்டுக் கழிவறை ஒரு வீட்டுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தது. வாடகை பேசியாகிவிட்டது: ஆயுள் முழுக்க, சனிக்கிழமைதோறும் கான்ராடுக்கு முதல் தட்டு. சாயங்கால வெயில் சாய்வதற்குள் சமையல்கட்டில் அடுப்பு எரிந்தது.

டாக்சி வந்து நின்றது. சித்தப்பா இறங்கினார். பழக்கதோஷம், மிஸ் ஃபென்விக்கின் பெட்டியைத் தானே தூக்கினார். தூக்கியதும் முகம் மலர்ந்தது. "ஒரு வருஷ வெயிட்டு!" என்றபடி திரும்பினார்.

மூன்று கல் படிகள் வானத்தை நோக்கி ஏறின. அதற்கப்பால் கற்கள், பின்னால் அவருடைய ஷெட். நடுவே, சிமெண்டில் கட்டியதால் கழற்ற முடியாத எங்கள் பழைய கழிவறை, தன்னந்தனியாக. அதன் கதவில் அந்தப் பெயர்ப்பலகை. 'தீவில் குடியேற எல்லா வழிகளும் இங்கே.'

பெட்டி கீழே விழுந்தது.

"மிஸ்டர் கேட்வெல்," என்றாள் மிஸ் ஃபென்விக், "வீடு எங்கே?"

"இருந்தது மேடம். காலைல இருந்தது."

"காற்றோட்டமான வீடு என்று சொன்னீர்கள்."

எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. சித்தி தாழ்வாரத்தில் சுத்தமான ஏப்ரன் கட்டி நின்றிருந்தாள்.

"மேடம், இந்தப் பக்கம் வாங்க! நான்தான் அந்தப் பழைய வாடகைக்காரி. சொன்னபடி காலி பண்ணிட்டேன்."

மிஸ் ஃபென்விக் அவளைப் பார்த்தாள். சித்தப்பாவைப் பார்த்தாள். "இவர் உங்களுக்கு…?"

"புருஷன்."

மிஸ் ஃபென்விக் கனடாவில் கணக்குத் தணிக்கை செய்கிறவள். வீடு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் போவதுதான் சரியான கணக்கு. பெட்டியைத் தானே உருட்டிக்கொண்டு சாலையைக் கடந்தாள். சித்தி அவளுக்கு ஒரு அறையைக் காட்டி, வறுத்த பறக்கும்மீனும் சோளமாவுக் களியும் வைத்தாள்.

சித்தப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "இது திருட்டு! நீ சட்டம் படிக்கிறியே, சொல்லு! கேஸு போடலாமா?"

"யார்மேல சித்தப்பா? தூக்கிட்டுப் போன்னு சொன்னது நீங்க. காலி பண்ணி வைன்னு சொன்னது நீங்க. எண்ணெய் போட்டதும் நீங்க."

"சாட்சி?"

"கான்ராட்."

அன்றிரவு அவர் ஷெட்டில் படுத்தார். நியாயமாகப் பார்த்தால் அவர் போட்ட திட்டப்படியே எல்லாம் நடந்தது. ஷெட்டில் அவர், வீட்டில் மிஸ் ஃபென்விக். ஏன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை வந்தது. சித்தி சன்னலைத் திறந்தாள். வரிசை நின்றது. சித்தப்பா இஸ்திரி போட்ட சட்டையும், கையில் ஒரு துணிப்பையுமாகச் சாலையைக் கடந்து நேரே சன்னலுக்கு வந்தார்.

"வரிசை," என்றாள் சித்தி, நிமிராமல்.

கடைசியில் போய் நின்றார். முறை வந்தது.

"அடுத்தது. பேரு?"

"வெர்லீன், நான்தான்!"

"பேரு?"

"…எல்ஸ்டன் கேட்வெல்."

"எங்கேர்ந்து வர்றீங்க?"

"எதிர்த்தாப்ல இருந்து."

"வந்த நோக்கம்?"

"குடியேற."

வரிசை முழுக்கக் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது.

"எந்த வழியில?" என்றாள் சித்தி.

சித்தப்பாவின் நெஞ்சு நிமிர்ந்தது. இது அவர் துறை. "கல்யாண வழி! இந்த வீட்டுக்காரியைச் சட்டப்படி கட்டினவன் நான்."

"அப்படியா? ஃபோன்ல நீங்க சொன்னபடி இந்த வீட்டுல இருந்தது ஒரு வாடகைக்காரி. வாடகைக்காரியைக் கட்டினா வீடு கிடைக்குமா?" என்னைப் பார்த்தாள். "நீ சொல்லுடி."

"அப்படி ஒரு சட்டப்பிரிவு இல்லை சித்தி," என்றேன். படித்த படிப்பு அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது.

"அது வியாபாரப் பேச்சு வெர்லீன்…"

"அடுத்த வழி."

"திறமைச் சான்று."

"என்ன திறமை?"

"போல்ட்டுக்கு எண்ணெய் விடறது!" என்றார் கான்ராட், முதல் தட்டைக் காலி செய்தபடி. சந்து முழுக்கச் சிரித்தது. அந்தத் துரோகியை முறைக்கக்கூடச் சித்தப்பாவுக்குத் தெம்பில்லை.

"ஒரு வருஷ முத்திரை?" என்றார் மெதுவாக.

"வெளியூர்லேர்ந்து வருமானம் உண்டா?"

உள்ளே மிஸ் ஃபென்விக் புட்டிங் சாப்பிட்டுக்கொண்டே தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"பணக்காரங்க அனுமதி?"

"சொத்து காட்டுங்க."

சித்தப்பா திரும்பிச் சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். சொத்தின் கதவு காற்றில் படாரென்று திறந்து மூடியது.

"வெர்லீன்," என்றார். குரலில் இப்போது முதலாளி இல்லை. வெறும் எல்ஸ்டன்தான் இருந்தார். "ஷெட்ல நண்டு ஊருது."

சித்தி முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். "வீடு யாருது?"

"உன்னுது."

"சத்தமா. பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"வீடு வெர்லீனுது!"

"நான் யாரு?"

"என் பொண்டாட்டி. வாடகைக்காரி இல்ல."

சித்தி யோசித்தாள். வேகவைத்த கிழங்குத் துண்டு ஒன்றை எடுத்தாள், கறிச்சாற்றில் தோய்த்தாள், அவர் புறங்கையில் பொத்தென்று குத்தினாள். வட்டமாகப் பழுப்பு முத்திரை விழுந்தது.

"விருந்தாளி அனுமதி. இருட்டறவரைக்கும். நடத்தையைப் பார்த்து நீட்டிக்கறதை யோசிக்கலாம். உள்ள வாங்க. சாப்பிட்டுட்டு அந்தப் பெரிய அண்டாவையெல்லாம் கழுவிடுங்க."

சித்தப்பாவின் கண்ணில் பழைய ஒளி மின்னியது. ஆலோசகர் உயிர்த்தெழுந்தார். ஒரு விரலை உயர்த்தினார்.

"அதுதான் முடியாது! விருந்தாளியா வந்தவன் இங்க வேலை செய்யக் கூடாது. சட்டம்!"

சித்தி தேய்க்கிற நாரை எடுத்து, முத்திரை குத்திய அதே கையில் வைத்தாள்.

"சம்பளத்துக்குத்தான் செய்யக் கூடாது. அடுத்தது!"